பதின்மூன்று ஃபாரத்தில் அடங்காத அத்தியாயம்

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் அதைச் சொன்னால் டீ கொண்டுவருகிறவர் கூட யாரைக் கேட்கிறீர்கள் என்பார். அடிக்குறிப்பு சார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மொழிபெயர்க்கிற ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு வரி விளக்கம் எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த இரண்டு வரியைப் பக்கத்துக்குள் எப்படியாவது உட்கார வைக்கிற தலைவிதி என்னுடையது. நான் இந்தப் பதிப்பகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள். அவர் எழுதித் தருவதைக் கணினியில் பக்கம் பக்கமாக அடுக்கி அச்சகத்துக்கு அனுப்புவது என் வேலை.

பத்தொன்பது வருஷமாக எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே மேஜை விசிறி. அது என் பக்கம் திரும்பினால் நான் காகிதங்களை அமுக்கிப் பிடிப்பேன். அவர் பக்கம் திரும்பினால் அவர் பிடிப்பார். காற்று யாருக்கு வந்தது என்று இருவருக்குமே நினைவில்லை.

ஆரம்பத்தில் அவர் நல்ல புத்தகங்கள்தான் செய்தார். பறவைகளைப் பற்றி ஒன்று, கடலடியில் போன ஒருவரின் நாட்குறிப்பு ஒன்று. முன்னூறு பிரதி விற்க மூன்று வருஷம் ஆகும். மீதி மாடிப்படிக்குக் கீழே தூங்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் முதலாளி எங்கிருந்தோ ஒரு பங்குச் சந்தைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். அட்டையில் ஒரு காளை. ஒரே மாதத்தில் அத்தனையும் தீர்ந்தது. அதற்குப் பிறகு காளை இல்லாத அட்டையை முதலாளி கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை.

ஒன்பது புத்தகங்கள் வந்தன. அரைத்த மாவையே அரைப்பது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் அந்த ஒன்பதையும் பக்கம் வடிவமைத்துப் பார்க்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் ஆசிரியர் ஏழையாக இருப்பார். இரண்டாவதில் அவருக்கு ஒரு பணக்கார நண்பர் கிடைப்பார். மூன்றாவதில் ஒரு அட்டவணை வரும்: மாதாமாதம் இவ்வளவு போட்டால் முப்பது வருஷத்தில் எவ்வளவு என்று. அந்த அட்டவணையைக் கோடு போட்டுக் கட்டுவதற்குள் எனக்குக் கழுத்து வலி வந்துவிடும். பின் அட்டையில் ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒன்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். யாராவது ஒருத்தர் கையைத் தொங்கவிட்டிருந்தால் நானே காசு கொடுத்து வாங்கியிருப்பேன்.

"இதுல உருப்படியா என்ன சார் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு தபால் அட்டையில எழுதற அளவுக்கு இருக்கும்மா. செலவு போக மிச்சம் இருந்தா மட்டும் போடு. எல்லாத்தையும் ஒரே இடத்துல போடாத. எப்ப வாங்கணும் எப்ப விக்கணும்னு தெரிஞ்ச மாதிரி நடிக்காத. அவ்வளவுதான். மீதி இருநூறு பக்கம் காளைக்குத் தீனி."

"அப்ப யாருக்குமே பிரயோஜனம் இல்லையா?"

"இருக்கே. முதலாளிக்கு."

சிரிக்கவில்லை. அவர் அந்தக் காலத்திலேயே சிரிப்பதை நிறுத்தியிருந்தார். காரணம் தொலைபேசி. ஆசிரியர்கள் எல்லாம் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். நான்காம் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயரும் அலுவலக எண்ணும் இருக்கிறது. அதனால் ஊரில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் இங்கேதான் கூப்பிட்டார்கள். தையல்காரர் ஒருவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூப்பிட்டு, "சார், இன்னைக்கு வாங்கலாமா?" என்பார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சொன்னபடி செய்தும் நஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கோபப்படாமல் அழுதார். இவர் எல்லோருக்கும் பொறுமையாக, "நான் மொழிபெயர்ப்பாளர்தாங்க" என்பார். அது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

பத்தாவது புத்தகம் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் வயதானவர், ஏதோ ஒரு கம்பெனியில் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர். பணக்கார நண்பர் இல்லை. அட்டவணை ஒன்றே ஒன்று, அதுவும் தரகுக் கட்டணமும் வரியும் எவ்வளவைத் தின்கின்றன என்பதற்கு. "இதாவது மனுஷன் எழுதினதும்மா" என்றார் அடிக்குறிப்பு சார். அதை மொழிபெயர்த்த மூன்று மாதமும் காலையில் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் முதலாளி அதற்கும் காளை அட்டைதான் அச்சடித்தார். அதுவும் முன்கூட்டியே, விலையோடு.

சிக்கல் அங்கேதான் வந்தது. எங்கள் தொழிலில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பெரிய தாளில் பதினாறு பக்கத்தையும் சேர்த்து அச்சடித்து மடிப்பார்கள். பதின்மூன்று ஃபாரம் என்றால் இருநூற்றெட்டுப் பக்கம். ஒரே ஒரு பக்கம் கூடினாலும் பதினான்காவது ஃபாரம் போட வேண்டும். முதலாளி பதின்மூன்று ஃபாரத்துக்கு விலை போட்டுவிட்டார். புத்தகம் இருநூற்றுப் பத்தொன்பது வந்து நின்றது. நான் எழுத்தைச் சுருக்கினேன், வரி இடைவெளியை இறுக்கினேன், அவருடைய அடிக்குறிப்புகளில் பாதியைக் கெஞ்சிப் பிடுங்கினேன். இருநூற்றுப் பதினேழுக்குக் கீழே இறங்கவில்லை.

"ஒன்பது பக்கம் எடுங்க. எது போனா தெரியாதோ அதை எடுங்க" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

பதினோராவது அத்தியாயம் சரியாக ஒன்பது பக்கம். அதன் தலைப்பு, 'யார் இந்தப் புத்தகத்தை மூடி வைக்க வேண்டும்'. ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படுகிற பணத்தைச் சந்தையில் போடாதே, வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ வைத்திருக்கிற பணம் என்றால் இந்தப் புத்தகத்தை மூடிவிட்டுப் போ, ஓய்வுப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்த வருஷம் எந்தப் புத்தகத்தையும் நம்பாதே, தவறிப் போட்டிருந்தால் நஷ்டமானாலும் எடுத்துவிடு என்று வரிசையாகச் சொல்லியிருந்தார் அந்தத் தணிக்கைக்காரர். கதை கிடையாது, நகைச்சுவை கிடையாது. மருந்துப் புட்டியோடு வருகிற சீட்டு மாதிரி வறட்சியாக இருக்கும்.

அடிக்குறிப்பு சார் அரை நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளியிடம் ஒரு தடவை போய்ப் பேசினார். திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எடுத்துடும்மா. படிக்க வேண்டியவன் எப்படியும் இதைப் படிக்க மாட்டான்."

அந்த வாக்கியத்தை அவர் நம்பித்தான் சொன்னார் என்று என்னால் இன்றைக்கும் சத்தியம் செய்ய முடியாது. களைப்பு. வருஷக்கணக்கான தொலைபேசிக் களைப்பு. எனக்கும் களைப்புதான். நான் எடுத்தேன். எடுத்ததோடு விடவில்லை, பன்னிரண்டைப் பதினொன்று ஆக்கினேன், பதின்மூன்றைப் பன்னிரண்டு ஆக்கினேன், உள்ளடக்கப் பக்கத்தையும் திருத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோற்றைச் சரியாகப் பரப்பத் தெரிந்தவள் இருந்தால் முடியும்.

புத்தகம் ஐந்து பதிப்பு போனது.

அடிக்குறிப்பு சாருக்கு ஒரே ஒரு அக்கா. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற பிரிவில் வேலை. அக்கா வீட்டுக்காரர் பஸ் டிரைவர். புத்தகம் வந்த மூன்றாம் மாதம் அவர் ஓய்வு பெற்றார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு விபத்து இல்லை என்று டிப்போவில் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். செட்டில்மென்ட் பணம் மொத்தமாக வந்தது. வாழ்நாள் முழுக்க வாடகை வீடு. எனவே இரண்டு அறை வைத்த ஒரு குடியிருப்புக்கு முன்பணம் கட்டினார்கள். கட்டி முடித்துச் சாவி கொடுக்கும்போது மீதியைத் தர வேண்டும். பதினான்கு மாதம் இருந்தது.

பதினான்கு மாதம் பணம் சும்மா கிடக்கிறதே என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. மச்சினன் புத்தகம் வீட்டில் இருந்தது. அதை நாலு தடவை படித்தார். டிரைவர் படிப்பு: ஒரு பலகை விடாமல் பார்க்கிற படிப்பு. ஒரு நோட்டு போட்டு அத்தியாயம் அத்தியாயமாகக் குறித்துக்கொண்டார். பிறகு இவரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், குரல் எனக்கே கேட்டது.

"தம்பி, உன் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டேன்டா. கொஞ்சம் போட்டிருக்கேன்."

"பாத்துப் பண்ணுங்க மாமா" என்றார் இவர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்கவில்லை. தையல்காரர் அன்று ஏற்கனவே இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார்.

மாமா போட்டது வீட்டுப் பணம் அத்தனையும். அதையும் ஒழுங்காகவே போட்டிருந்தார். ஒரே கம்பெனியில் போடவில்லை. கடன் வாங்கவில்லை. வதந்தி கேட்டு வாங்கவில்லை. புத்தகத்தில் சொன்னபடி பிரித்துப் பிரித்துப் போட்டார். ஒன்பதாவது மாதம் சந்தை சரிந்தது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அக்கா எடுத்துவிடச் சொன்னாள். மாமா நோட்டைத் திறந்து காட்டினார்: விலை இறங்கும்போது பயந்து விற்பவன்தான் தோற்கிறான், ஏழாவது அத்தியாயம். அது உண்மைதான். காலம் கையில் இருக்கிறவனுக்கு உண்மை. காலம் யாருக்கு இல்லை என்பது பதினோராவது அத்தியாயத்தில் இருந்தது.

இதெல்லாம் எங்களுக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். சாவிக்கு இருபது நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், வேலை உடுப்போடு நேராக எங்கள் அறைக்கு வந்தாள். கையில் புத்தகம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"டேய், எனக்கு இதெல்லாம் படிச்சா புரியாது. நீயே காட்டு. வீடு வாங்க வச்சிருக்கற காசை இதுல போடாதேன்னு எங்கயாவது எழுதியிருக்கியா?"

அவர் புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை.

"நாலு மாசமா வீட்டுல இதேதான் சண்டை. உன் தம்பி அப்படி ஒரு வரி கூட எழுதலைங்கறார். என் தம்பி எழுதாம இருக்க மாட்டான், பேராசையில நீங்கதான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிட்டீங்கன்னு நான் சொல்றேன். பொண்ணுகிட்ட போன்ல சொல்லியாச்சு, கூட வேலை பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சு, இந்த மனுஷன் பேராசை புடிச்சு வீட்டை முழுங்கிட்டாருன்னு. அவர் இப்பல்லாம் பேசறதே இல்ல. சாப்பாடு வச்சா சாப்பிடறார். அந்தப் பக்கத்தைக் காட்டுடா. கொண்டுபோய் அவர் மூஞ்சிக்கு நேரா வைக்கறேன்."

இவர் ஆமாம் என்று ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். காட்டியிருக்கலாம். மூன்றாம் அத்தியாயத்தில் யோசித்துச் செய்யுங்கள் என்று பொத்தாம் பொதுவாக ஒரு வரி இருக்கிறது. அக்காவுக்கு அது போதும். மாமா தலையில் எல்லாம் விடிந்திருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அவர் அப்படிச் செய்துவிட்டால் என் பெயரும் தப்பிக்கும் என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். இதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

"இருந்துச்சுக்கா" என்றார்.

"எங்க?"

"இப்ப இல்ல. நாங்க எடுத்துட்டோம்."

அக்காவுக்குப் புரியவில்லை. இவர் ஃபாரம், பதினாறு பக்கம் என்று சொல்லப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டார். நான் எழுந்துபோய்க் கணினியில் தேடினேன். நான் எதையும் அழிப்பதில்லை. வெட்டியதையெல்லாம் தனியாக வைத்திருப்பேன். ஒன்பது பக்கத்தையும் அச்செடுத்துக் கொடுத்தேன்.

"நம்பரை மாத்தி வச்சது நான்தான்" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். நான் ஏன் போனேன் என்றால், அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

வீட்டில் உட்கார இடம் இல்லை. புது வீட்டுக்குப் போகிறோம் என்று சரிவுக்கு முன்னாலேயே பாதிச் சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார்கள். 'சமையல்', 'துணி', 'உடையும் சாமான்' என்று ஒவ்வொன்றிலும் மாமாவின் எழுத்து. பிரிக்கவும் மனசில்லாமல், வைத்திருக்கவும் முடியாமல் அதற்கு நடுவிலேயே நாலு மாதமாகப் புழங்கியிருக்கிறார்கள். மாமா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மச்சினனைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா தம்பி. உங்க அக்கா உன்னையும் இழுத்துட்டு வந்துட்டாளா? வேலை நேரத்துல உனக்கு ஏன் தொந்தரவு?"

இவர் காகிதத்தை நீட்டினார். "இதைப் படிங்க மாமா. புத்தகத்துல இருந்தது. அச்சடிக்கும்போது நான் எடுக்கச் சொன்னேன்."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நோட்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்பது பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு வரியின் கீழும் விரல் போனது. இரண்டு இடத்தில் திரும்பிப்போய் மறுபடி படித்தார். அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். விசிறி போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

படித்து முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். திட்டுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். அந்த முகத்தில் நான் பார்த்தது நிம்மதி. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"இது புத்தகத்துல இல்லதானே?" என்றார்.

"இல்ல மாமா."

"நாலு தடவை படிச்சேன். இல்லவே இல்ல." அக்கா பக்கம் திரும்பினார். "பாத்தியா, நான் எதையும் தாண்டிப் போகல. ஒழுங்காத்தான் படிச்சிருக்கேன். இது இருந்திருந்தா ஒரு காசு போட்டிருக்க மாட்டேன்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியைப் பார்க்கவில்லை. "நாலு மாசமா உங்களை என்னென்னவோ பேசிட்டேனே" என்று அழுதாள். மாமா, "விடு, விடு" என்றார். இவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாமா என்னிடம் கேட்டார். "இந்த ஒன்பது பக்கத்தைச் சேத்திருந்தா புத்தகத்துக்கு எவ்வளவும்மா கூட ஆகியிருக்கும்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஒரு புத்தகத்துக்கு ஒரு டீ காசுல பாதி ஆகும்."

அவர் தலையாட்டினார். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டவர் போல இருந்தது. அப்புறம் கடைசிப் பக்கத்தை எடுத்து மறுபடி விரல் வைத்தார்.

"இதுல போட்டிருக்கு. தேவைப்படற காசைத் தவறிப் போட்டிருந்தா, நஷ்டமானாலும் எடுத்துடுன்னு. எடுத்துடறேன். நாளைக்குக் காலையிலயே எடுத்துடறேன்."

"வீடு?" என்றாள் அக்கா.

"வீடு போச்சு. மூணுல ஒரு பங்குக்கு எங்க போறது? முன்பணத்துலயும் வீடு கட்டறவன் கொஞ்சம் புடிச்சுக்குவான். இருக்கறதையாவது காப்பாத்தலாம்." அவர் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். "இதெல்லாம் பிரிச்சிடலாம். சமையல் பெட்டியை முதல்ல பிரி."

அப்போதுதான் அடிக்குறிப்பு சார் வாயைத் திறந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"மாமா, வேண்டாம். யாரையாவது விஷயம் தெரிஞ்ச ஆளைக் கேட்டுட்டு அப்புறம் பண்ணுங்க. இன்னொரு தடவை நான் எழுதினதைப் படிச்சிட்டு எதுவும் பண்ணாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

மாமாவுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மச்சினனை நிமிர்ந்து பார்த்தார். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. தெரியாத விஷயத்தைத் தெரிந்தவனிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"வேற யாரைடா கேக்கறது? எனக்குத் தெரிஞ்சு புத்தகம் எழுதற ஆள் நீ ஒருத்தன்தானே?"